வடமொழி உயிரும் தமிழ் நாவும்

(தாம்பரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் என்று நம்மைச் சுற்றிப் புது வீடு எழாத தெரு இல்லை. வீட்டுக்கு வரும் அழைப்பிதழ்களில் பல ‘கிரகப்பிரவேசம்’ என்று அச்சாகியிருக்கின்றன. சில ‘கிருஹப்பிரவேசம்’ என்கின்றன. வடமொழியில் கிரகம் என்றால் கோள். வீட்டுக்கு உரிய சொல் வேறு. கோளின் பெயரில் முதலில் ககரமெய், அடுத்து ரகரமெய், அதன்மேல் அகரம். வீட்டின் பெயரில் ககரமெய்யை அடுத்து நேரே ஓர் உயிர் நிற்கிறது. ரகரம் என்று நம் காதில் விழுவது மெய்யே அன்று. அந்த உயிரின் பகுதி அது. இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இங்கேதான் தொடங்குகிறது: வடமொழியின் உயிரொலிகள் எவை, அவை நம் நாவில் எப்படித் திரிகின்றன, ஏன் திரிகின்றன.

அந்த உயிருக்கு வசதிக்காக ‘ருகர உயிர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். வட இந்தியாவில் அதை ‘ரி’ என்கிறார்கள். மராட்டியத்திலும் ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ‘ரு’ என்கிறார்கள். நாம் இரண்டையும் வைத்திருக்கிறோம். ரிஷி என்கிறோம், ருது என்கிறோம்; இரண்டும் அதே உயிரில்தான் தொடங்குகின்றன. பழைய தமிழ் நூல்கள் இருடி, இருக்கு என்று முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து, ரகரத்தில் சொல் தொடங்காத தமிழ் மரபைக் காத்தன.

‘ரி’ சரியா, ‘ரு’ சரியா என்று கேட்டால், இரண்டுமே சரியல்ல என்பதுதான் பழைய ஒலிநூல்களின் விடை. நடுவில் ரகரத்தின் அதிர்வும், அதன் இருபுறமும் உயிரின் சிறு துணுக்குகளும் கொண்ட ஒரே ஒலி அது என்று பிராதிசாக்கியங்கள் விளக்குகின்றன. முழுவதும் சேர்ந்து ஒரு மாத்திரை. சிட்சை நூல்கள் அதன் பிறப்பிடம் மூர்த்தம் என்கின்றன. நாவின் நுனி மேலண்ணத்தை நோக்கி வளைந்து எழ வேண்டும். நம் டகரத்துக்கும் ணகரத்துக்கும் நா எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்.

இது நுணுக்கம் பேசுகிறவர்களின் வேலை, வாழ்க்கைக்கு என்ன பயன் என்று மாணவர்கள் நினைக்கலாம். செய்யுளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வடமொழி யாப்பில் ஒரு குற்றெழுத்துக்குப் பின் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் அந்தக் குறில் கனமாகிவிடும்; அதைக் குரு என்பார்கள். ஒரே மெய் வந்தால் லகுவாகவே இருக்கும். ‘ந க்ருதம்’ என்றால் செய்யப்படவில்லை. ‘ந க்ரீதம்’ என்றால் விலைக்கு வாங்கப்படவில்லை. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. முதலாவதில் ககரத்துக்குப் பின் இருப்பது ருகர உயிர். ஆகவே முன்னால் உள்ள ‘ந’ லகு. இரண்டாவதில் ககரமும் ரகரமும் இரு மெய்கள். ஆகவே ‘ந’ குரு. அனுஷ்டுப் சுலோகத்தில் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்தாம் எழுத்து லகுவாக வர வேண்டும் என்பது பொது விதி. அந்த ஐந்தாம் இடத்துக்கு அடுத்து ருகர உயிர் ஏறிய மெய் வரும்போது அதை இரு மெய்யாக அழுத்திச் சொன்னால் லகு குருவாகிவிடும், பாதம் நொண்டும். கவிஞன் அதை உயிராகவே கேட்டான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இதன் இனமான லுகர உயிர் ‘க்லுப்தம்’ போன்ற ஒரு வேரின் வடிவங்களில் மட்டுமே வருவதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இனி, இன்று பெருகிவரும் ஒரு குறையைச் சொல்கிறேன். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை நேரத்தில் சுலோக வகுப்புகள் நடக்கின்றன. பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். ஆனால் பலர் கையில் இருப்பது ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றும் பாடம். 1894ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய கீழைநாட்டு அறிஞர் மாநாடு, வடமொழியை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறையை வகுத்தது. நெடிலுக்கு மேலே கோடு, ருகர உயிருக்குக் கீழே புள்ளி என்று அதில் எல்லாமே உண்டு. வாட்ஸ்அப் பாடங்களில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அகரமும் ஆகாரமும் ஒரே எழுத்தாகிவிட்டன. தினம் என்றால் நாள். தீனன் என்றால் எளியவன். தீனபந்துவைத் தினபந்து ஆக்கினால் எளியவர்களின் துணைவன் நாளின் துணைவன் ஆகிவிடுகிறான். சுதன் மகன், சூதன் தேரோட்டி. கர்ணனின் துயரம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் கிடக்கிறது. ஒரு மாத்திரை போனால் பாரதத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும்.

குறில், நெடில் வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு பெற்ற மக்கள் நாம். படி, பாடி என்று இரண்டு வயதுக் குழந்தை தடுமாறாமல் பிரித்துச் சொல்கிறது. அந்தக் குழந்தைக்கு வடமொழியின் குறில் நெடிலை ஆங்கில எழுத்தின் வழியாகக் கொடுப்பது, இருக்கிற செல்வத்தைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ‘யோகா வகுப்பு’ என்ற பலகைகளைப் பார்க்கிறோம். வடமொழியில் அந்தச் சொல் குற்றகரத்தில் முடிகிறது, தமிழில் யோகம். கடைசியில் உள்ள ஆகாரம் ஆங்கில வழியாக வந்து ஏறியது. இந்தி பேசுகிறவர்கள் அதே ஈற்று அகரத்தை அடியோடு விழுங்கி ‘யோக்’ என்கிறார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. அந்த வகையில் நம் நா நல்ல பயிற்சி பெற்ற நா.

அகரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாணினியின் அஷ்டாத்யாயியில் எட்டு அத்தியாயங்கள், ஏறத்தாழ 4000 நூற்பாக்கள். அதன் கடைசி நூற்பா எது தெரியுமா? அகரத்தை இரண்டு முறை சொல்வது, அவ்வளவுதான். இலக்கண விதிகள் ஓடும்போது குற்றகரத்தையும் ஆகாரத்தையும் ஒரே தன்மையுள்ள திறந்த ஒலிகளாக அவர் கொண்டிருந்தார். அப்போதுதான் சந்தி விதிகள் எளிதாக அமையும். ஆனால் வாயில் குற்றகரம் சற்று மூடிய ஒலி. நூல் முடியும்போது அதைத் திருத்தி, இதுவரை திறந்ததாகக் கொண்ட அகரத்தை மூடியதாக ஒலியுங்கள் என்கிறார். இத்தனை பெரிய கட்டடத்தை எழுப்பிவிட்டுக் கடைசிச் செயலாக ஓர் உயிரின் ஒலிப்பைச் சரிசெய்த அந்த அறிஞனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆக, ஆகாரத்தைப் பாதியாக வெட்டினால் வடமொழி அகரம் கிடைக்காது. ஆகாரத்துக்கு வாய் நன்கு திறக்கும்; அகரத்துக்கு அவ்வளவு திறக்காது.

இந்த அகரம் தமிழில் ஒரு விந்தையான வழியில் திரிந்திருக்கிறது. தாம்பரத்தில் ஒரு தெருவில் ஜெபக்கூட்டம் நடக்கிறது. அடுத்த தெருக் கோயிலில் ஜபம் நடக்கிறது. சொல் ஒன்றுதான். ஜயம் ஜெயம் ஆயிற்று, ஜனனம் ஜெனனம் ஆயிற்று, கதி கெதி ஆயிற்று, கங்கை கெங்கை ஆயிற்று. வைணவர்கள் தண்டனிடுவதைத் தெண்டனிடுவது என்பார்கள். ஆனால் கதை எந்த ஊரிலும் ‘கெதை’ ஆகவில்லை. பதம் ‘பெதம்’ ஆகவில்லை. காரணம் என்ன? முதல் மெய் குரல் அதிர ஒலிக்கும் மெய்யாக இருந்தால், அதன் பின் வரும் அகரம் நாவின் முன்பக்கம் நகர்ந்து எகரம் போல் ஆகிறது. அதிர்வில்லாத மெய்யாக இருந்தால் அகரம் அசைவதில்லை. மிக அழகான சான்று தமிழ் விவிலியத்தில் இருக்கிறது. அங்கே ‘பலன்’ என்ற சொல்லும் உண்டு, ‘பெலன்’ என்ற சொல்லும் உண்டு. பலன், பயன் என்னும் பொருளது. வடமொழியில் அதன் பகரம் அதிர்வற்றது. பெலன், வலிமை; அதன் பகரம் அதிர்வுடையது. தமிழ் எழுத்து இரண்டு பகரத்தையும் ஒரே வடிவத்தில் எழுதும். ஆனால் தமிழ்க் காது வேறுபாட்டைக் கேட்டது. கேட்டதை உயிரில் குறித்து வைத்தது. தமிழர்களுக்கு வடமொழி ஒலி பிடிபடாது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு சொற்களைத்தான் காட்டுவேன். யகரத்திலும் ரகரத்திலும் லகரத்திலும் இதே நகர்வு நடக்கிறது. யமன் எமன் ஆனான். யந்திரம் எந்திரம் ஆயிற்று. லட்சம் பேச்சில் லெட்சம் ஆயிற்று.

தமிழ்ச் சொல்லாக வழங்கும்போது இவை எல்லாம் முழுமையான, குறையற்ற தமிழ். ‘ஜெயம்’ என்பதைப் பிழை என்று யாரும் திருத்த வேண்டியதில்லை. வடமொழிச் சுலோகம் சொல்லும்போதுதான் அகரத்தை அகரமாக மீட்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்து வைத்துக்கொள்ளாததால்தான் இந்தப் பொருளில் வீண் சண்டைகள் எழுகின்றன.

இந்தத் தென்புறநகருக்கு அந்தப் பிரிப்பைக் கற்றுக்கொடுத்த முன்னோர் இருக்கிறார்கள். பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவனுடைய விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடம் இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. ‘மத்தவிலாசம்’ என்ற வடமொழி நகைநாடகம் எழுதிய மன்னன் அவன். ஏழாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் வடமொழி எழுத்தாக இருந்ததற்கு அந்தப் பாறை சாட்சி. அதே பல்லாவரத்துக்கு 1911இல் மறைமலையடிகள் குடிவந்தார். அதற்கு முன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். 1898இல் அவர் அங்கே சேர்ந்தபோது உடன் பணியாற்றியவர் பரிதிமாற் கலைஞர். கல்லூரி அப்போது நகரத்துக்குள் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தவர் அடிகள். 1916இல் தனித்தமிழை வாழ்க்கை நெறியாக ஏற்றார். வடமொழியைப் படித்துத் தெளிந்த பிறகு எடுத்த முடிவு அது. அவர் முடிவோடு உடன்படுகிறவர்களும் உடன்படாதவர்களும் அவருடைய படிப்பின் ஆழத்தை மதித்தாக வேண்டும். எதைத் தமிழ் என்றும் எதை வடமொழி என்றும் துல்லியமாகக் கேட்கத் தெரிந்த காது அது.

அடுத்து எகரமும் ஒகரமும். தமிழுக்கும் வடமொழிக்கும் உள்ள மிகப் பெரிய உயிர் வேறுபாடு இதுதான். நமக்கு எ, ஏ இரண்டும் உண்டு. ஒ, ஓ இரண்டும் உண்டு. வடமொழிக்கு ஏகாரமும் ஓகாரமும் மட்டுமே. குறில் எகரம் ஒரு சொல்லில்கூடக் கிடையாது. பதஞ்சலி மகாபாஷ்யத்தில் இதை விவாதிக்கிறார். சாமவேதத்தின் சாத்யமுக்ரி, ராணாயனீயப் பிரிவினர் ஓதும்போது அரை ஏகாரமும் அரை ஓகாரமும் ஒலிக்கிறார்களே என்று கேள்வி எழுகிறது. அது அவர்களுடைய சபையின் தனி வழக்கம். உலக வழக்கிலும் மற்ற வேதங்களிலும் அப்படி ஒலி இல்லை என்று விடை சொல்கிறார். 2000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறில் எகரத்தைக் கேட்டு நிறுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் தொல்காப்பியர், எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி இட்டு நெடிலிலிருந்து பிரிக்கச் சொன்னார். பிற்காலத்தில் வீரமாமுனிவர் அந்தப் புள்ளி முறையை மாற்றி நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். ஒரு மரபு தன்னிடம் இல்லாத ஒலி உள்ளே வராமல் காத்து நின்றது. மற்றொரு மரபு இருக்கிற ஒலிக்கு எழுத்துத் தேடியது.

வடமொழியில் ஏகாரமும் ஓகாரமும் ஏன் நெடிலாகவே நிற்கின்றன? அவை இரண்டு உயிர்கள் கூடிப் பிறந்தவை. அகரத்தோடு இகரம் சேர்ந்தால் ஏகாரம். உகரம் சேர்ந்தால் ஓகாரம். சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் ஒரு கதை வருகிறது. சாதவாகன மன்னன் அரசியரோடு நீராடுகிறான். ஓர் அரசி, தண்ணீரால் அடிக்காதே என்கிறாள். ‘மா’ என்றால் வேண்டாம். ‘உதகம்’ என்றால் தண்ணீர். இரண்டும் சேர்ந்தபோது ஆகாரமும் உகரமும் கூடி ‘மோதகம்’ என்று ஒலித்தது. மன்னன் ஆட்களை அனுப்பிக் கொழுக்கட்டை வரவழைத்தான். அரசி சிரித்ததில் அவன் நாணிப் படுத்துவிட்டான். அவனுக்கு இலக்கணம் கற்பிப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது, ஆறு ஆண்டு வேண்டும் என்றார் அவன் அவையில் இருந்த குணாட்டியர். ஆறே மாதம் போதும் என்றார் அதே அவையின் சர்வவர்மர். அவர் தந்ததுதான் காதந்திர இலக்கணம் என்று கதை முடிகிறது. ஓகாரத்துக்குள் ஒளிந்திருந்த உகரத்தைக் கேட்கத் தெரியாததால் ஒரு நாட்டுக்கு ஓர் இலக்கண நூல் வந்தது.

நம் நாவுக்கு வருவோம். பேச்சுத் தமிழில் இலை எலை ஆகிறது, உலகம் ஒலகம் ஆகிறது. முதல் குறிலில் இகரமோ உகரமோ இருந்து அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் அது எகரமாக, ஒகரமாகத் தாழ்கிறது. இந்தப் பழக்கம் வடசொல்லையும் விடுவதில்லை. தினம் தெனம், நிஜம் நெஜம், விஷம் வெஷம், குணம் கொணம், சுகம் சொகம். சுலோகம் சொல்லும்போதும் இது நம்மை அறியாமல் வந்துவிடும். அதாவது, அந்த மொழியில் இல்லவே இல்லாத இரண்டு உயிர்களை அதற்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். சொல் முதலில் ஏகாரம் வந்தால் யகரமும், ஓகாரம் வந்தால் வகரமும் மெல்ல ஒட்டிக்கொள்வதும் நம் பழக்கமே. ஏகாதசி ‘யேகாதசி’ ஆவது அப்படித்தான்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது குற்றியலுகரம். சாது, தாது, சேது, கேது, வஸ்து, ததாஸ்து. இந்தச் சொற்களின் ஈற்று உகரத்தை உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள். இதழ் குவியாது. வல்லினத்தின் மேல் ஊர்ந்து ஈற்றில் வரும் உகரம் அரை மாத்திரையாகக் குறையும் என்பது நம் இலக்கணம் கண்ட உண்மை. நம் நா அதை இன்றும் விடாமல் செய்கிறது. வடமொழியில் உகரம் எங்கே வந்தாலும் இதழ் குவிந்து ஒரு மாத்திரை பெறும். ‘ததாஸ்து’ என்று வாழ்த்தும்போது கடைசியில் இதழ் குவியாவிட்டால் அது தமிழ்க் குற்றியலுகரமே.

ஐகாரமும் இப்படியே. தலை, மலை என்று சொல்லும்போது ஈற்று ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும். ஐகாரக்குறுக்கம் என்று நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். ‘தஸ்மை நமஹ’ என்று வணங்கும்போது அந்த ‘மை’ நம் வாயில் தலையின் ‘லை’ போலக் குறுகிவிடுகிறது. வடமொழி ஐகாரம் எந்த இடத்திலும் இரண்டு மாத்திரை. அகரத்தில் தொடங்கி இகரத்துக்கு நழுவுவது காதில் விழ வேண்டும். ஔகாரமும் அப்படியே. அகரமும் இகரமும் ஐகாரம், அகரமும் உகரமும் ஔகாரம் என்று தொல்காப்பியரே மொழிமரபில் சொல்லியிருக்கிறார்.

விசர்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது உயிரல்ல, ஆனால் முன்னால் நிற்கும் உயிரின் எதிரொலியை ஏற்கும். நமஹ, ஹரிஹி, குருஹு என்று நம் ஊர்ப் பாடசாலைகளில் ஓதுவது இதனால்தான். எதிரொலி மெலிந்து ஒலிக்க வேண்டும். அதை முழு எழுத்தாக அழுத்தினால் செய்யுளில் ஓர் எழுத்துக் கூடிவிடும்.

மாத்திரைக்கு அளவு என்ன என்று கேட்டால், தொல்காப்பியர் கண்ணிமையையும் கைந்நொடியையும் காட்டினார். பாணினீய சிட்சை உயிர்களின் குரலைக் காட்டுகிறது. பனங்காடையின் குரல் ஒரு மாத்திரை, காக்கையின் குரல் இரண்டு, மயிலின் அகவல் மூன்று, கீரியின் ஒலி அரை. மூன்று மாத்திரை ஒலியைப் புலுதம் என்பார்கள். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது வரும் என்பது பாணினி விதி. நம் அளபெடைக்கும் மூன்று மாத்திரை. வண்டலூர்ப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் மயிலின் குரலைக் கேட்கவைத்து மாத்திரையை எண்ணச் சொல்லலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த நூலை எழுதியவர் அதைத்தான் எதிர்பார்த்தார்.

வேதத்தில் ஒவ்வொரு உயிரும் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்று ஏற்ற இறக்கமும் பெறும். அது குருவின் முன் உட்கார்ந்து பெற வேண்டிய கல்வி. மேடையில் சொல்லி முடிவதல்ல. தொல்காப்பியரும் பிறப்பியலின் முடிவில், உள்ளிருந்து காற்று எழும் முறையின் நுட்பம் அந்தணர் மறைநூலில் உள்ளது, நான் வெளிப்படும் ஒலியை மட்டுமே சொல்கிறேன் என்று எல்லை வகுத்துக்கொண்டார். அந்த மறைநூலையும் அறிந்து, தம் நூலின் வரம்பையும் அறிந்து எழுதியிருக்கிறார். தொல்காப்பியத்தையும் மகாபாஷ்யத்தையும் ஒருசேரக் கற்று இரண்டைப் பற்றியும் எழுதிய பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியார் போன்றவர்கள் போன நூற்றாண்டிலும் நம்மிடையே இருந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் வடமொழி கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முதல் நாள் பாடத்தை ஆங்கில எழுத்தில் தொடங்காதீர்கள். பள்ளித் தமிழ் இலக்கணத்தைக் கையில் எடுங்கள். குற்றியலுகரம் எது என்று பிள்ளையே சொல்லட்டும். சொன்ன பிறகு, ‘சாது’ என்ற சொல்லில் அதை முற்றியலுகரமாக்கி ஒலிக்கட்டும். ஐகாரக்குறுக்கம் எது என்று சொல்லட்டும். ‘தஸ்மை’யில் அதைக் குறுக்காமல் ஒலிக்கட்டும். தெனம், கொணம் என்று வீட்டில் பேசுவதைப் பேசிக்காட்டட்டும். பிறகு தினம், குணம் என்று ஓதட்டும். தேவநாகரி வரும் வரை தமிழ் எழுத்தே போதும். உயிர்களைப் பொறுத்தவரை ருகர, லுகர உயிர்களுக்கு மட்டும் ஓர் அடையாளம் சேர்த்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் தமிழ் எழுத்துத் துல்லியமாகக் காட்டும். முன்பு கிரந்தத்தில் எழுதினார்கள்; 2014இல் கிரந்தம் ஒருங்குறியிலும் இடம்பெற்றுவிட்டது. விரும்புகிறவர்கள் அதையும் கணினியில் பயன்படுத்தலாம்.

அடுத்து வீடு கட்டி அழைப்பிதழ் அச்சிடுகிறவர்கள் ‘கிருஹப்பிரவேசம்’ என்றே போடலாம். தமிழில் போட விரும்பினால் ‘புதுமனை புகுவிழா’ இருக்கிறது.  ருகர உயிரை ஒலித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள் மேடை அருகே வாருங்கள். சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம்.